பாத்திரம் அடைக்கும் தேவதை!

லண்டன் நகரம். 1904-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 27-ந் தேதி இரவு. "டியூக் ஆப் யார்க்" என்ற நாடகக் கொட்டகையில் ஒரு புதிய நாடகம் அரங்கேறுகிறது.

மேடையில் ஒரு சின்னஞ்சிறு ஒளி. அது மெல்ல மெல்ல மங்குகிறது. ஒரு குட்டித் தேவதை உயிரை விட்டுக் கொண்டிருக்கிறாள்!

நாடகத்தின் கதாநாயகன் ஒரு சிறுவன். அவன் கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சுகிறான். தேவதைகள் உண்டு என்று நம்புகிறவர்கள் கை தட்ட வேண்டுமாம். தட்டினால் அவள் பிழைத்துக் கொள்வாளாம்!

நாடகத்தை எழுதியவருக்கு உள்ளூர ஒரே உதறல். கொட்டகையில் பெரியவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கை தட்டுவார்களா? எல்லோரும் சும்மா இருந்துவிட்டால் நாடகமே கெட்டுப் போகுமே! அதனால் வாத்தியக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். கூட்டம் பேசாமல் இருந்தால், வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு அவர்களே கை தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு.

அந்த ஏற்பாடு தேவைப்படவே இல்லை. கொட்டகை முழுவதும் கைதட்டல் எழுந்தது. சிறுவன் வேடத்தில் நடித்தவர் நீனா பூசிகால்ட் என்ற நடிகை. கைதட்டலைக் கேட்டதும் அவர் அழுதே விட்டார்.

அந்தக் குட்டித் தேவதையின் பெயர் டிங்கர் பெல்.

இன்று அவளைத் தெரியாத குழந்தைகள் குறைவு. பொம்மையாக விற்கிறாள். பள்ளிக்கூடப் பையில் சிரிக்கிறாள். பச்சைச் சட்டை, பொன்னிறக் கூந்தல், இரண்டு சிறகுகள்! பார்க்க அழகாகத்தான் இருக்கிறாள்.

ஆனால், அவள் யார்? என்ன தொழில் செய்தாள்? என்ன குற்றம் செய்தாள்? யாருக்காக விஷம் குடித்தாள்? கடைசியில் அவளை மறந்தது யார்? இதெல்லாம் எத்தனை குழந்தைகளுக்குத் தெரியும்?

குழந்தையின் கையில் அழகான பொம்மையைக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால், அந்தப் பொம்மைக்குப் பின்னால் இருக்கும் கதையைப் பறித்துவிடக் கூடாது. அது பாதிக் கதையாகவும் இருக்கக் கூடாது. முழுக் கதையாக இருக்க வேண்டும்.

எழுதியவர் யார்?

டிங்கர் பெல்லைப் படைத்தவர் ஜேம்ஸ் மாத்யூ பேரி. ஸ்காட்லாந்தில் கிரிமியூர் என்ற சிற்றூரில் 1860-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி பிறந்தார். தகப்பனார் கைத்தறி நெசவாளர். வீட்டில் பத்துக் குழந்தைகள். பேரி ஒன்பதாவது பிள்ளை.

பேரிக்கு 6 வயது இருக்கும்போது அந்த வீட்டில் இடி விழுந்தது. டேவிட் என்ற அண்ணன், பனிக்கட்டியின் மேல் நடந்த ஒரு விபத்தில் இறந்து போனான். 14 வயதுகூட நிறையவில்லை. தாயார் படுத்த படுக்கையாகி விட்டார். அவருக்குக் கிடைத்த ஆறுதல் ஒன்றே ஒன்று. இறந்த மகன் இனிமேல் வளரவே மாட்டான். என்றைக்கும் சிறுவனாகவே இருப்பான்.

பேரி பெரியவரானார். லண்டனுக்குப் போய்ப் பெயர் பெற்ற எழுத்தாளர் ஆனார். அங்கே கென்சிங்டன் பூங்காவில் உலாவப் போகும்போது, சில சிறுவர்களுடன் நட்பு ஏற்பட்டது. லெவலின் டேவிஸ் என்ற குடும்பத்துப் பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குக் கதை சொல்லிச் சொல்லி உருவானவன்தான் பீட்டர் பான்! வளரவே வளராத சிறுவன் அவன்.

1902-ம் ஆண்டில் வந்த ஒரு நாவலில் பீட்டர் பான் முதன் முதலாகத் தலை காட்டினான். அதில் டிங்கர் பெல் இல்லை. 1904-ம் ஆண்டு நாடகத்தில்தான் அவள் வந்தாள். பிறகு 1911-ம் ஆண்டில், நாடகத்தையே விரித்து, "பீட்டரும் வெண்டியும்" என்ற நாவலாக எழுதினார் பேரி. டிங்கர் பெல்லின் குணத்தை முழுவதும் அறிய வேண்டுமானால் இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

பெயர் வந்த கதை

டிங்கர் என்றால் என்ன? ஓட்டைப் பாத்திரம் அடைக்கிறவர் என்று அர்த்தம்.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் இவர்கள் ஊர் ஊராகப் போவார்கள். வாசலில் உட்கார்ந்து, ஓட்டை விழுந்த சட்டியையும் கெட்டிலையும் தட்டி, அடைத்துக் கொடுப்பார்கள். கூலி வாங்கிக் கொண்டு அடுத்த ஊருக்குப் போய் விடுவார்கள். அவர்கள் கைபட்ட பாத்திரம் இல்லாமல் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனால், அவர்களை மதிப்பவர்கள் மட்டும் கிடையாது! "டிங்கர்" என்ற சொல்லையே வசைச் சொல்லாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு.

அப்படிப்பட்ட பெயரைத் தன் தேவதைக்குச் சூட்டினார் பேரி. தேவதைகளின் வீட்டிலும் பாத்திரம் இருக்கும் அல்லவா? பாத்திரம் இருந்தால் ஓட்டையும் விழும் அல்லவா? அதை அடைக்க ஓர் ஆள் வேண்டுமே! அந்த ஆள்தான் இவள்.

பெல் என்றால் மணி. அவள் பேசுவது மனிதர்களின் பேச்சுப் போல இருக்காது. பொன் மணிகள் கிணுகிணுப்பது போல இருக்கும். அதுதான் தேவதைகளின் பாஷை. பீட்டருக்கு அது விளங்கும்.

ஆக, அவள் ராஜகுமாரி அல்ல. மந்திரக்கோல் பிடித்த மகாராணியும் அல்ல. கையில் கரி படியும் வேலைக்காரி. இதை முதலில் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும். உழைக்கிறவளும் தேவதையாக இருக்கலாம் என்று தெரிந்துகொள்வது குழந்தைகளுக்கு நல்லது.

உடம்பே இல்லாத நடிகை!

முதல் நாடகத்தில் டிங்கர் பெல் வேடத்துக்கு நடிகையே கிடையாது. அவள் ஓர் உள்ளங்கை அளவுதான். அத்தனை சின்ன ஆளுக்கு எங்கே போவது?

அதற்கு ஒரு எளிய தந்திரம் செய்தார்கள். திரைமறைவில் ஒருவர் கையில் சிறு கண்ணாடியை வைத்துக் கொண்டு நிற்பார். பலமான விளக்கின் வெளிச்சம் அதில் பட்டு, ஒரு சிறிய வட்டமாக மேடையில் விழும். கண்ணாடியை ஆட்டினால் வெளிச்சம் ஓடும், தாவும், நடுங்கும். கூடவே மணி ஓசை. அவ்வளவுதான்! அந்த வெளிச்சத்துக்காகத்தான் பெரியவர்களும் குழந்தைகளும் கை வலிக்கத் தட்டினார்கள்.

பழைய தேவதைகள்

தேவதை என்றதும் பலருக்கும் தெய்வ அம்சம் நினைவுக்கு வரும். ஆங்கில நாட்டுக் கதைகளில் வரும் குட்டித் தேவதைகள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. அவர்களுக்குக் கோயில் கிடையாது. பூசை கிடையாது. காட்டிலும் மேட்டிலும் பூக்களின் நடுவிலும் ஒளிந்து வாழும் குட்டி ஜீவன்கள் அவர்கள்.

அவர்களிடம் கிராமத்து ஜனங்களுக்குப் பயமும் இருந்தது. பால் திரிந்து போனால் தேவதையின் சேட்டை. வழி தவறிப் போனாலும் தேவதையின் சேட்டை! தொட்டில் குழந்தையைத் தூக்கிக் கொண்டு போய்விடுவார்கள் என்று அஞ்சி, தொட்டில் அருகே இரும்புத் துண்டு வைப்பார்கள். கோபம் வரக் கூடாது என்பதற்காக அவர்களை "நல்லவர்கள்" என்று மரியாதையாகக் குறிப்பிடுவார்கள்.

ஷேக்ஸ்பியர் எழுதிய "நடுவேனில் இரவுக் கனவு" நாடகத்தில் பக் என்ற குறும்புக்காரன் வருகிறான். அவனும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். மனிதனின் தலைக்குப் பதிலாகக் கழுதைத் தலையை வைத்து வேடிக்கை பார்த்தவன்!

டிங்கர் பெல் இந்தப் பரம்பரையில் வந்தவள். பக் செய்த குறும்பு அவள் ரத்தத்திலும் இருக்கிறது. ஆனால், பேரி ஒரு புதுமை செய்தார். தேவதைகளுக்குப் புதிதாக ஒரு பிறப்பைக் கொடுத்தார். உலகத்தின் முதல் குழந்தை முதன் முதலாகச் சிரித்ததாம். அந்தச் சிரிப்பு ஆயிரம் துண்டாகச் சிதறியதாம். அந்தத் துண்டுகளே தேவதைகள் ஆனார்களாம்! தேவதை என்று ஒன்று கிடையாது என்று எந்தக் குழந்தையாவது சொன்னால், எங்கோ ஒரு தேவதை உயிரை விடுமாம்.

அதாவது, குழந்தையின் சிரிப்பில் பிறந்தவள், குழந்தையின் நம்பிக்கையில் வாழ்கிறாள். அவளுடைய குணமும் குழந்தையின் குணம்தான்.

ஒரு நேரத்தில் ஒரே உணர்ச்சி!

டிங்கர் பெல் நல்லவளா, கெட்டவளா?

இதற்குப் பேரி சொன்ன பதில் மிகவும் வேடிக்கையானது. ஆழமானதும்கூட. தேவதைகள் மிகவும் சிறியவர்கள். அதனால் அவர்களின் உடம்புக்குள் ஒரு நேரத்தில் ஒரே ஓர் உணர்ச்சிக்குத்தான் இடம் உண்டாம்! கோபம் வந்தால் உடம்பு முழுவதும் கோபம். அன்பு வந்தால் உடம்பு முழுவதும் அன்பு. இரண்டும் சேர்ந்து இருக்க இடம் போதாது.

எத்தனை உண்மை! வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தையைக் கவனித்துப் பார்த்தால் இது தெரியும். தம்பிப் பாப்பா பிறந்ததும் அக்காளின் முகம் வாடுகிறது. அம்மா மடியில் இனி இடம் இல்லையோ என்று பயப்படுகிறாள். யாரும் பார்க்காத நேரத்தில் பாப்பாவைக் கிள்ளி விடுகிறாள். அடுத்த நிமிடம் பாப்பா அழுதால், இவளும் சேர்ந்து அழுகிறாள். கிள்ளியவளும் அவளே, அழுதவளும் அவளே. இரண்டும் பொய் அல்ல.

டிங்கர் பெல்லும் அப்படித்தான். பீட்டரிடம் அவளுக்கு உயிர். அவனையே "கழுதை" என்று திட்டவும் செய்வாள்! அவன் லண்டனில் இருந்து வெண்டி என்ற சிறுமியை நெவர்லாண்டு என்ற கற்பனைத் தீவுக்கு அழைத்துக் கொண்டு போகிறான். உடனே டிங்கர் பெல்லுக்குப் பொறாமை பற்றிக் கொண்டு வருகிறது. வெண்டியின் கூந்தலைப் பிடித்து இழுக்கிறாள்.

அதோடு நின்றாளா? இல்லை.

பெரிய குற்றம்

தீவில் சில சிறுவர்கள் இருக்கிறார்கள். பீட்டர் சொன்னால் எதையும் செய்வார்கள். வெண்டி வானத்தில் பறந்து வருகிறாள். டிங்கர் பெல் முன்னால் ஓடிப் போய், அந்தச் சிறுவர்களிடம் ஒரு பொய் சொல்கிறாள். மேலே பறந்து வரும் வெண்டியை எய்துவிடும்படி பீட்டர் சொன்னான் என்று நம்ப வைக்கிறாள்.

டூட்டில்ஸ் என்ற சிறுவன் அம்பு விடுகிறான். வெண்டி கீழே விழுகிறாள்.

நல்ல வேளை! வெண்டியின் கழுத்துச் சங்கிலியில் ஒரு பித்தான் தொங்கிக் கொண்டிருந்தது. பீட்டர் கொடுத்தது. அம்பு அதில் பட்டதால் உயிர் தப்பினாள்.

இது சின்னக் குறும்பு அல்ல. கொலை முயற்சி! உண்மை தெரிந்ததும் பீட்டர் துடித்துப் போகிறான். இனி என் கண்ணில் விழிக்காதே, என்றென்றைக்கும் போய்விடு என்று தள்ளி வைக்கிறான்.

இங்கேதான் கதையில் அருமையான இடம் வருகிறது. மயங்கிக் கிடந்த வெண்டி கையை அசைக்கிறாள். அம்பு பட்டவளே, அம்பு விடச் சொன்னவளுக்காகப் பரிந்து கையைத் தூக்குகிறாள்! அதைப் பார்த்துப் பீட்டரின் மனம் இளகுகிறது. "என்றென்றைக்கும்" என்ற தண்டனை "ஒரு வாரம்" என்று குறைகிறது.

இதற்காக டிங்கர் பெல் வெண்டிக்கு நன்றி சொன்னாளா? அதுதான் இல்லை! அவளைக் கிள்ள வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

பெற்றோர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தவறு செய்த குழந்தையைப் பார்த்து, "நீ எப்போதுமே இப்படித்தான், உருப்பட மாட்டாய்" என்று சொல்லி விடுகிறார்கள். கோபத்தில் வாய் தவறி வரும் சொல்தான். ஆனால், குழந்தையின் காதில் அது என்றென்றைக்குமான தீர்ப்பாக விழுகிறது. குற்றத்துக்குத் தண்டனை உண்டு. அது ஒரு வாரத்தில் முடிய வேண்டும். "என்றென்றைக்கும்" என்ற சொல்லைக் குழந்தையின் மேல் வீசக் கூடாது.

விஷம்

டிங்கர் பெல்லுக்கு அந்த ஒரு வாரம் கிடைத்ததால் என்ன ஆயிற்று? பீட்டரின் உயிர் தப்பியது!

ஹூக் என்ற கடற்கொள்ளைக்காரன் பீட்டரின் பரம விரோதி. ஒரு கையில் இரும்புக் கொக்கி மாட்டியவன். அவன் வெண்டியையும் மற்றப் பிள்ளைகளையும் பிடித்துக் கொண்டு போகிறான். தூங்கும் பீட்டரின் மருந்துக் கோப்பையில் ஐந்து சொட்டு விஷத்தையும் விட்டுவிட்டுப் போகிறான்.

டிங்கர் பெல் அதைத் தெரிந்து கொண்டு பறந்து வருகிறாள். மருந்தைக் குடிக்காதே என்று கத்துகிறாள். பீட்டர் நம்பவில்லை. கோப்பையை வாய்க்குக் கொண்டு போகிறான். இனிப் பேச நேரம் இல்லை. கோப்பைக்கும் அவன் உதட்டுக்கும் நடுவில் பாய்ந்து, அந்த விஷத்தை அவளே குடித்து விடுகிறாள்!

பொய் சொல்லி ஒரு சிறுமியை எய்ய வைத்தவள் இவள்தானா? ஆம், அவளேதான். அன்று அவள் உடம்பு முழுவதும் பொறாமை. இன்று அவள் உடம்பு முழுவதும் அன்பு.

அவளுடைய ஒளி மங்குகிறது. குழந்தைகள் நம்பினால் பிழைத்துக் கொள்வேன் என்று முணுமுணுக்கிறாள். பீட்டர் உலகத்துக் குழந்தைகளை எல்லாம் வேண்டுகிறான். கைதட்டல் எழுகிறது. ஒளி திரும்புகிறது!

நாவலில் பேரி ஒரு உண்மையையும் மறைக்கவில்லை. பலர் தட்டினார்கள். சிலர் தட்டவில்லை. ஒரு சில முரட்டுப் பிள்ளைகள் "உஸ்" என்று இரைந்து கேலி செய்தார்கள். பிழைத்து எழுந்த டிங்கர் பெல், கை தட்டியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. கேலி செய்தவர்களை ஒரு கை பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தாள்!

சாவின் வாசல் வரை போய் வந்தாலும் குணம் மாறவில்லை. இதைப் படித்தால் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது.

கை தட்டியது யாருக்கு?

கொட்டகையில் இருந்த குழந்தைகளுக்கு எல்லாம் தெரியும். அவள் பொய் சொன்னதைப் பார்த்தார்கள். வெண்டி அம்பு பட்டு விழுந்ததைப் பார்த்தார்கள். தெரிந்தும்தான் கை தட்டினார்கள்.

அவர்கள் குற்றமே செய்யாத உத்தமிக்காகத் தட்டவில்லை. கோபமும் பொறாமையும் பாசமும் கலந்த ஒருத்திக்காகத் தட்டினார்கள். நல்லவர்களுக்கு மட்டும்தான் கைதட்டல் என்றால், டிங்கர் பெல் அன்றைக்கே செத்திருப்பாள்.

இந்தக் கதையின் உயிரே இதில்தான் இருக்கிறது. தவறு செய்த குழந்தைக்கு, "நமக்கும் யாராவது கை தட்டுவார்கள்" என்ற தெம்பை இது கொடுக்கிறது. தவறு செய்யாத குழந்தைக்கு, "நாமும் ஒருவருக்குக் கை தட்ட வேண்டும்" என்ற பெருந்தன்மையைக் கொடுக்கிறது.

சினிமாவுக்குப் போனாள்!

1924-ம் ஆண்டில் பீட்டர் பான் கதை ஊமைப் படமாக வந்தது. வர்ஜீனியா பிரவுன் பேர் என்ற நடிகை டிங்கர் பெல்லாக நடித்தார். ஒளியாக இருந்தவளுக்கு முகம் வந்தது.

1953-ம் ஆண்டில் வால்ட் டிஸ்னியின் வர்ணச் சித்திரப் படம் வெளிவந்தது. மார்க் டேவிஸ் என்ற ஓவியர் அவளுக்கு வடிவம் கொடுத்தார். மார்கரெட் கெரி என்ற நடிகை நடித்துக் காட்ட, அதைப் பார்த்து வரைந்தார்கள். மர்லின் மன்றோவைப் பார்த்து வரைந்ததாக ஒரு வதந்தி உண்டு. அது சரியல்ல.

அந்தப் படம் அழகானது. டிங்கர் பெல்லின் கோபத்தையும் பொறாமையையும் அதில் விட்டுவிடவில்லை. அதற்காகப் பாராட்ட வேண்டும். ஆனால், விஷக் கோப்பை போய்விட்டது. அதற்குப் பதில் ஒரு வெடிகுண்டு வந்தது. குழந்தைகள் கை தட்டிக் காப்பாற்றும் காட்சியும் போய்விட்டது!

2008-ம் ஆண்டில் அவள் பெயரிலேயே ஒரு படம் வந்தது. அதில் அவளுடைய தொழில் திரும்பக் கிடைத்தது. பழுது பார்க்கும் வேலை மட்டமானது என்று முதலில் வருந்துகிறாள். பிறகு அதன் பெருமையை உணர்கிறாள். நல்ல செய்திதான். ஆனால், இங்கே அவள் தெளிவாகப் பேசுகிறாள். எல்லோரிடமும் நட்பாக இருக்கிறாள். பழைய டிங்கர் பெல்லின் காரம் குறைந்து விட்டது.

2010-ம் ஆண்டில், ஹாலிவுட் நகரத்து நடைபாதையில் நட்சத்திரங்களுக்குப் பதிக்கும் பெயர்க் கல்லும் அவளுக்குக் கிடைத்தது. பாத்திரம் அடைக்கிறவளுக்கு எத்தனை பெரிய மரியாதை!

பெற்றோரின் பயம்

"பொறாமை, பொய், விஷம், சாவு! இதெல்லாம் குழந்தைகளுக்கு எதற்கு? நல்ல தேவதையின் கதையைச் சொன்னால் போதாதா?" என்று சில பெற்றோர்கள் கேட்கலாம்.

அவர்களுடைய பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. குழந்தைகள் கதையை அப்படியே நம்பி விடுவார்கள். இதற்குப் பேரியே சாட்சி. நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போன சில குழந்தைகள், நாமும் பறக்கலாம் என்று கட்டிலில் இருந்து குதித்து அடிபட்டார்கள். டாக்டரிடம் போக வேண்டியதாயிற்று. பெற்றோர்கள் முறையிட்டார்கள். உடனே பேரி நாடகத்தில் ஒரு விதியைச் சேர்த்தார். தேவதைப் பொடியை மேலே தூவினால் ஒழிய யாராலும் பறக்க முடியாது என்று எழுதி விட்டார். வீட்டில் அந்தப் பொடி இல்லையே! குதிப்பது நின்றது.

பேரி செய்த காரியத்தைப் பார்க்க வேண்டும். உடம்புக்கு ஆபத்து என்றதும் கதையைத் திருத்தினார். ஆனால், டிங்கர் பெல்லின் பொறாமையைத் திருத்தவில்லை. அவள் குடித்த விஷத்தை எடுத்துவிடவில்லை. ஏன்? பொறாமையைக் குழந்தைகள் கதையில் இருந்து கற்றுக் கொள்வதில்லை. அது அவர்களிடம் முன்பே இருக்கிறது. அதற்கு என்ன பெயர், அது வந்தால் என்ன ஆகும், அது போன பிறகு என்ன செய்யலாம் என்பதைத்தான் கதை சொல்லித் தர முடியும்.

கோபமே வராத தேவதையின் கதையைக் கேட்கும் குழந்தை என்ன நினைக்கும்? "நமக்கு மட்டும்தான் கோபம் வருகிறது. நாம் கெட்ட குழந்தை" என்று நினைக்கும். டிங்கர் பெல் அந்தக் குழந்தைக்குத் தோழி ஆவாள்.

மறந்து போனான்!

கதையின் முடிவில் இன்னும் ஒன்று இருக்கிறது. பொம்மை விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

வெண்டி லண்டனுக்குத் திரும்பி விடுகிறாள். ஓர் ஆண்டு கழித்துப் பீட்டர் அவளைப் பார்க்க வருகிறான். டிங்கர் பெல்லைப் பற்றி வெண்டி கேட்கிறாள். அப்படி யாரையும் பீட்டருக்கு நினைவே இல்லை! வெண்டி எடுத்துச் சொன்ன பிறகும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. தேவதைகள் எத்தனையோ பேர், அவள் இறந்திருக்கலாம் என்று சாதாரணமாகச் சொல்லி விடுகிறான். தேவதைகளுக்கு ஆயுள் குறைவு.

தனக்காக விஷம் குடித்தவளை ஓர் ஆண்டில் மறந்து விட்டான். வளரவே மாட்டேன் என்று சொன்னவனுக்கு இது தண்டனை. நன்றியை மனத்தில் வைத்துக்கொள்ளவும் ஒருவன் வளர்ந்தாக வேண்டும். பீட்டர் வளரவில்லை. அதனால் அவனிடம் நன்றியும் வளரவில்லை.

பீட்டர் மறக்கலாம். படிக்கிற குழந்தை மறக்காது. மறப்பது எத்தனை கொடுமை என்பதை அந்த ஓர் இடம் குழந்தையின் நெஞ்சில் பதிய வைத்து விடும்.

எழுதியவர் தட்டிய கை

பேரிக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. லெவலின் டேவிஸ் பிள்ளைகள் தாய் தகப்பனை இழந்தபோது அவர்களை வளர்த்தவர் அவர்தான்.

1929-ம் ஆண்டில் அவர் ஒரு பெரிய காரியம் செய்தார். பீட்டர் பான் கதையின் உரிமை முழுவதையும் லண்டனில் உள்ள கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். எவ்வளவு பணம் வருகிறது என்பதை வெளியே சொல்லக் கூடாது என்றும் கேட்டுக் கொண்டார். 1937-ம் ஆண்டில் அவர் காலமானார்.

50 ஆண்டு கழித்து, 1987-ம் ஆண்டு முடிவில், பிரிட்டனில் அந்த உரிமை தீர்ந்தது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. அந்த நாட்டில் பீட்டர் பான் கதையால் வரும் உரிமைத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்கு என்றென்றைக்கும் போய்ச் சேர வேண்டும் என்று விதித்தது. இதற்காகப் பாடுபட்டவர் முன்னாள் பிரதமர் ஜேம்ஸ் கலகன்.

தண்டனையில் இருக்கக் கூடாத "என்றென்றைக்கும்" என்ற சொல், தருமத்தில் இடம் பெற்று விட்டது!

கதைக்குள்ளே குழந்தைகள் கை தட்டி ஒரு தேவதையைப் பிழைக்க வைத்தார்கள். கதைக்கு வெளியே அந்தத் தேவதையின் கதை, நோயில் வாடும் குழந்தைகளுக்கு உதவுகிறது.

என்ன செய்யலாம்?

டிங்கர் பெல் பொம்மை வேண்டும் என்று குழந்தை கேட்டால் வாங்கிக் கொடுக்கலாம். கூடவே, இரவில் விளக்கை அணைப்பதற்கு முன்பு, பத்து நிமிடம் உட்கார்ந்து கதையையும் சொல்ல வேண்டும். அவள் ஓட்டைப் பாத்திரம் அடைத்ததைச் சொல்ல வேண்டும். பொறாமைப்பட்டதை மறைக்கக் கூடாது. ஒரு வாரத் தண்டனையை விட்டுவிடக் கூடாது. விஷக் கோப்பையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தலாம்.

கை தட்டும் இடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். தட்டு என்று குழந்தையிடம் சொல்லக் கூடாது. பேசாமல் காத்திருக்க வேண்டும்.

குழந்தை தானாகவே தட்டும்.